பெட்டி மாம்பழம்: எங்கே கோளாறு, என்ன செய்யலாம்

மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை எங்கள் பக்கம் ஒரே கதைதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் மண்டிகளில் காலை ஏலம் முடிந்ததும் லாரி ஏறாமல் மிஞ்சிய பழம் பெட்டி பெட்டியாக நிற்கும். "எடுத்துக்கிட்டு போங்க, கொடுக்கிறதைக் கொடுங்க" என்பார் வியாபாரி. இருபது கிலோவுக்கு மேல் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி, கடையில் ஐந்து கிலோவுக்குக் கொடுக்கும் காசில் வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் இரண்டு நாளில் வீடே மாம்பழ வாசனை. மூன்றாம் நாள் எனக்குப் போன் வரும்: ஜாம் இறுகவில்லை, கூழ் கறுத்துவிட்டது, பாட்டில் புஸ்ஸென்று பொங்குகிறது.

ஆண்டுதோறும் அதே கேள்விகள் என்பதால், பதிலை எழுதியே வைத்துவிட்டேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். செந்தூரா, பங்கனப்பள்ளி, கிளிமூக்கு, நீலம், அல்போன்சா எல்லாவற்றுக்கும் பொருந்தும். இடம் வருகிற இடத்தில் ரகத்தைச் சொல்கிறேன்.

## பெட்டியைத் திறந்ததுமே தெரியும் கோளாறுகள்

### தோலில் கறுப்பு

பால் வடிந்து காய்ந்த தழும்பா என்று முதலில் பாருங்கள். காம்பிலிருந்து கோடு கோடாக இறங்கியிருக்கும், நகத்தால் சுரண்டினால் தோலோடு நின்றுவிடும். பழத்துக்கு ஒன்றுமில்லை.

புள்ளி புள்ளியாகப் பரவிய கறுப்பு என்றால் பூஞ்சை நோய். தோலைச் சற்று ஆழமாகச் சீவுங்கள். சதை மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடலாம். அதை ஃபிரீசருக்கு அனுப்ப வேண்டாம்.

காம்பைச் சுற்றி வட்டமாகக் கறுத்து, கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகிறதா? காம்பழுகல். நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். பழுப்பு நிறம் கொட்டை வரை இறங்கியிருந்தால் முழுப் பழத்தையும் தூக்கிப் போடுங்கள். மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கூழில் சேர்த்தால், அந்த ஒரு பழம் பத்துக் கிலோ கூழுக்கும் புளித்த வாடையைக் கொடுத்துவிடும். மலிவாக வாங்கிய பெட்டியில் நாலு பழம் போனாலும் நட்டமில்லை. கழிக்க மனசு வராமல்தான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெட்டியில் பாதி இன்னும் கெட்டியாக இருந்தால், அவற்றைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி எடுத்து, துடைத்து, காற்றாடப் பரப்புங்கள். அழுகல் தள்ளிப்போகும். தெர்மாமீட்டர் இல்லாமல் கைக்கணக்கில் செய்தால் பழம் வெந்துவிடும். கனிந்த பழத்துக்கு இது உதவாது.

### மேலே மஞ்சள், உள்ளே வெளுப்பு, வாசனையே இல்லை

முற்றாத காயைப் பறித்துப் பழுக்க வைத்தது. கல் வைத்த பழம் என்று சொல்வது இதைத்தான். கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். எத்திலீன் வாயுவை அளவோடு, 100 பி.பி.எம். வரை, பயன்படுத்த அனுமதி உண்டு.

- பெட்டியின் அடியிலோ காகிதப் பொட்டலத்திலோ சாம்பல் நிறத் தூளோ பூண்டு போன்ற வாடையோ இருந்தால், பழத்தைப் பயன்படுத்தாதீர்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.
- தூள், வாடை எதுவும் இல்லை, பழம் சப்பென்று இருக்கிறது, அவ்வளவுதான் என்றால், கழுவி வைக்கோலில் இரண்டு நாள் விடுங்கள். வாசனை வந்தால் கூழுக்கு. வராவிட்டால் வெல்லம் போட்டுப் பச்சடி செய்து தீர்த்துவிடுங்கள். இதில் ஜாம் செய்தால் சர்க்கரைதான் வீண்.

### காய் பழுக்கவே இல்லை, தோல் சாம்பல் பூத்திருக்கிறது

ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். பழுக்காத மாங்காய்க்குக் குளிர் ஆகாது. முழுக்கப் பழுத்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். ஏற்கெனவே சாம்பல் பூத்தது இனித் திருந்தாது. ஊறுகாய், குழம்பு என்று போகட்டும்.

### உள்ளே புழு, வண்டு

சதைக்குள் நெளியும் வெள்ளைப் புழு பழ ஈ விட்டது. முழுப் பழமும் குப்பைக்கு. பையில் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் மீதிப் பெட்டிக்கும் ஈ வரும்.

கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருந்தால் பயம் வேண்டாம். நீலத்தில் இது சகஜம். கொட்டையோடு போய்விடும், சதையை வெட்டிப் பார்த்து நன்றாக இருந்தால் சாப்பிடலாம்.

## கூழ் எடுக்கும்போது

### கூழ் கறுக்கிறது

1. கத்தி, பாத்திரம். இரும்புக் கத்தியோ அலுமினியச் சட்டியோ என்றால் காரணம் அதுதான். கறுப்பில் ஒரு சாம்பல் சாயல் இருக்கும். எவர்சில்வருக்கு மாறுங்கள்.
2. நேரம். பெட்டி முழுவதையும் வெட்டி வைத்துக்கொண்டு அப்புறம் பிழிந்தால் முதலில் வெட்டியது பழுப்பாகிவிடும். இரண்டு இரண்டு கிலோவாகச் செய்யுங்கள். வெட்டியதுமே கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்துவிடுங்கள்.
3. இரண்டும் சரியாக இருந்தும் கறுத்தால், கூழை ஓரத்தில் குமிழ் வரும் வரை, சுமார் 85 டிகிரி, சூடாக்கி 5 நிமிடம் கிளறி, பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஆற்றுங்கள். நிறம் அங்கேயே நின்றுவிடும். பச்சைக் கூழின் மணம் கொஞ்சம் குறையும். அது விலை.

ஏற்கெனவே பழுப்பானது கெட்டதல்ல. வாசனை நன்றாக இருந்தால் ஜாமுக்கு எடுத்துக்கொள்ளலாம், காய்ச்சும்போது எப்படியும் நிறம் அடர்ந்துவிடும்.

### நார் நாராக வருகிறது

மிக்ஸியில் முதலில் அடித்திருப்பீர்கள். மிக்ஸி நாரைத் துண்டு துண்டாக்கும். பிறகு எந்தச் சல்லடையாலும் பிடிக்க முடியாது, சிறு மயிர் போல ஒவ்வொரு கரண்டியிலும் நாக்கில் தட்டும். வழி நேர்மாறு: தோல் சீவிய பழத்தைக் கொட்டையோடு பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசையுங்கள். நார் கொட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். மீதியை மாவுச் சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். அதற்குப் பிறகு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் போதும். நாட்டுப் பழத்துக்கு இரண்டு முறை சலிக்க வேண்டியிருக்கும்.

### லேசான கசப்பு, பிசின் வாடை

காம்போரம் ஒரு விரல்கடை அளவு வெட்டித் தள்ளாமல் பிசைந்தது. தோலோடு சேர்த்து அரைத்ததும் காரணமாக இருக்கலாம். கலந்த பிறகு எடுக்க முடியாது. அடுத்த வட்டத்தில் பழத்தைக் கழுவிக் காம்பை வெட்டி, கவிழ்த்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

### கையில் அரிப்பு, தடிப்பு

மாம்பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த முறை கையுறை போடுங்கள். கண், உதடு வீங்கினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## ஃபிரீசரில் வைத்த பழம்

### எல்லாம் ஒரே பாறையாகிவிட்டது

துண்டுகளை நேராகப் பையில் கொட்டியதால். தட்டில் ஒன்றுக்கொன்று படாமல் பரப்பி, கல்லான பிறகு பையில் போட வேண்டும். கூழ் என்றால் கால் கிலோப் பொட்டலமாகத் தட்டையாகக் கட்டுங்கள். வேண்டியதை உடைத்து எடுக்கலாம்.

### இளக்கினால் தண்ணீராக ஓடுகிறது

மெதுவாக உறைந்திருக்கிறது. ஒரே நாளில் பத்துக் கிலோவை உள்ளே தள்ளினால் இதுதான் நடக்கும். சாதாரண இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசருக்கு ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ போதும். அது கல்லான பிறகு அடுத்தது. மீதி அதுவரை கீழே ஃபிரிட்ஜில் இருக்கட்டும். தண்ணீர் விட்ட துண்டு திரும்பப் பழைய நிலைக்கு வராது. லஸ்ஸி, மில்க் ஷேக்குக்கு நன்றாகவே இருக்கும்.

### துண்டின் மேல் வெள்ளைத் திட்டு, காய்ந்த ஓரம்

பையில் காற்று. வாயை விரலளவு விட்டு மூடி, பையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தினால் காற்று தானே வெளியே போய்விடும், அப்போது வாயை இறுக மூடுங்கள். திட்டு விழுந்தது கெட்டது அல்ல, ருசிதான் போயிருக்கும்.

### நாள் கழித்தும் கல்லாகவில்லை, அமுக்கினால் நெகிழ்கிறது

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

1. குமிழைத் திருப்பி அதிகக் குளிருக்கு வைத்து ஒரு நாள் விடுங்கள். கோடையில் நடு எண்ணில் வைத்தால் போதாது.
2. உள்ளே காற்று போகும் துளையைப் பொட்டலம் அடைத்திருக்கிறதா? பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி அடுக்குங்கள்.
3. ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறது. நாலு பக்கமும் சோதியுங்கள். முதலில் ரப்பரை வெந்நீர்த் துணியால் துடைத்துப் பாருங்கள், பிசுக்கினாலும் இப்படி ஆகும். துடைத்தும் நிற்காவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டும்.
4. உட்சுவரில் விரல் தடிமனுக்குப் பனி கட்டியிருந்தால் நிறுத்திக் கரைய விடுங்கள். கத்தியால் குத்தி எடுக்காதீர்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அந்தத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் குழாய் ஓடுகிறது, ஒரு குத்தில் ஆயிரக்கணக்கில் செலவு வந்துவிடும்.
5. இவ்வளவும் செய்த பிறகும் ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கவில்லை, மோட்டார் ஓயாமல் ஓடுகிறது, அல்லது உள் விசிறிச் சத்தமே இல்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம் இது. கேஸ், விசிறி, கம்ப்ரெசர் மூன்றில் ஒன்று. அதுவரை பழத்தைப் பக்கத்து வீட்டு ஃபிரீசரில் ஒப்படையுங்கள், அல்லது அன்றே ஜாமாக்கிவிடுங்கள்.

ஒரு விஷயம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் பெட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃபிரீசர் அல்ல. அதில் எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரக் கணக்கில்தான் மாம்பழத்தை வைக்கலாம். மைனஸ் 18 இருந்தால் கூழ் எட்டு மாதத்துக்கு மேல் நிற்கும்.

### கரண்ட் போய் வந்தது

கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் பாதி பிரச்சினை இல்லை. பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஐஸ் படிகம் கரகரவென்று இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் இறங்கும். முழுக்க இளகி, இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தால் அன்றே காய்ச்சுங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ பை உப்பியிருந்தாலோ போகட்டும்.

## ஜாம்

போன் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். அடிப்படை அளவைச் சொல்லிவிடுகிறேன், இதிலிருந்து எவ்வளவு விலகினீர்கள் என்று பார்ப்பதே முதல் சோதனை: கூழ் 1 கிலோ, சர்க்கரை முக்கால் கிலோ, எலுமிச்சை 2 அல்லது சிட்ரிக் அமிலம் மட்டமாக ஒரு டீஸ்பூன்.

### இறுகவில்லை, சாஸ் மாதிரி ஓடுகிறது

முதலில் ஒரு நாள் பொறுங்கள். சூடான ஜாம் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். பாட்டிலில் அடைத்து மறுநாள் காலையில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அன்றிரவே திரும்பக் காய்ச்சியவர்கள் பலர் மறுநாள் அதைக் கத்தியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

மறுநாளும் ஓடினால்:

எலுமிச்சை போட்டீர்களா? பத்தில் ஆறு ஏழு பேர் இல்லை என்பார்கள். "பழமே புளிப்பாத்தானே இருக்கு" என்பது வழக்கமான பதில். நன்கு கனிந்த பங்கனப்பள்ளியிலும் மல்கோவாவிலும் புளிப்பு மிகக் குறைவு. புளிப்பு இல்லாமல் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் ஜாம் பிடிக்காது. கிலோவுக்கு இன்னொரு எலுமிச்சை பிழிந்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுச் சோதியுங்கள்.

போதுமான அளவு காய்ச்சினீர்களா? ஒரு எவர்சில்வர் தட்டை ஃபிரீசரில் வைத்து எடுங்கள். ஒரு சொட்டு ஜாமை விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரல் நுனியால் தள்ளுங்கள். மேலே ஆடை போலச் சுருக்கம் விழுந்தால் பதம். சுருங்காமல் விரலைச் சுற்றி ஓடி வந்து மூடிக்கொண்டால் பதம் வரவில்லை. சோதிக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள், அந்த ஒரு நிமிடத்தில் பதம் தாண்டிவிடும்.

தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சுகிறவர்கள் புத்தகத்தில் 105 டிகிரி என்று படித்திருப்பார்கள். அது கடலோரக் கணக்கு. சென்னையில் சரி. ஓசூரில் 102 வந்தாலே பதம் வந்துவிடும், ஊட்டியில் 98-க்கும் கீழே. ஊட்டியில் 105-க்குக் காத்திருந்தால் கிடைப்பது மிட்டாய். எளிய வழி: உங்கள் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டு என்ன காட்டுகிறதோ அதோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரின் சொந்தக் கோளாறும் அதிலேயே அடிபட்டுப்போகும்.

பாத்திரம் ரொம்ப நிறைந்திருந்ததா? ஐந்து கிலோவை ஒரே குண்டானில் காய்ச்சினால் நீர் வற்றுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அவ்வளவு நேரம் வெந்தால், ஜாமை இறுக வைக்கும் பெக்டின் என்ற பழச்சத்தும் உடைந்துவிடும். அகலமான உருளியில் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

பழம் அதிகம் கனிந்ததா? மலிவுப் பெட்டியில் இதுதான் பெரும்பாலும். கனியக் கனியப் பெக்டின் குறையும். கடையில் பெக்டின் பொடி வாங்குவதற்கு முன் காசில்லாத வழி ஒன்று: கிளிமூக்கு மாங்காய் ஒன்றைத் துருவி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து வடிகட்டுங்கள். வழவழவென்று ஒரு சாறு வரும். இறுகாத ஜாம் ஒரு கிலோவுக்கு ஒரு டம்ளர் சேர்த்து வேகமான தீயில் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். புளிப்பும் பெக்டினும் சேர்ந்தே கிடைக்கும். மண்டியிலேயே பெட்டியோடு நாலு காயும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, தர மறுக்கமாட்டார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பேக்கரிப் பொருள் கடையில் பெக்டின் பொடி கிடைக்கும். நேரே கொட்டினால் கட்டி தட்டும். பொடியைப்போல் ஐந்து மடங்கு சர்க்கரையில் கலந்து தூவுங்கள்.

இரண்டு முறைக்கு மேல் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கருகிய சர்க்கரை வாடை வந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் மாம்பழப் பாகு என்று பெயர் மாற்றிவிடுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

### கல் மாதிரி, கரண்டி இறங்கவில்லை

பதம் தாண்டியது. கொஞ்சம் வெந்நீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சிறுதீயில் இளக்குங்கள். தண்ணீர் சேர்த்தபின் ஒரு கொதி வராமல் இறக்காதீர்கள், பூஞ்சைக்கு அழைப்பு அது. இளக்கியதை ஃபிரிட்ஜில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள்.

### சர்க்கரை பூத்து நறநறவென்கிறது

மூன்று காரணம், வரிசையாக: சர்க்கரை முழுக்கக் கரைவதற்கு முன் தீயைக் கூட்டியது, உருளியின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை வழித்து உள்ளே தள்ளியது, புளிப்பு போதாதது. கூழுக்கு மேல் சர்க்கரை போட்டிருந்தாலும் வரும். சாப்பிடத் தடையில்லை. பாட்டிலை வெந்நீரில் வைத்தால் கொஞ்சம் கரையும், ஆறினால் திரும்பப் பூக்கும். எலுமிச்சையோடு ஒரு கொதி விட்டால்தான் தீரும்.

### மேலே தண்ணீர் நிற்கிறது

அமிலம் கூடிப்போனது, அல்லது பாதி இறுகும் நேரத்தில் பாட்டிலை ஆட்டியது. கலக்கிவிட்டுச் சாப்பிடுங்கள். நீருக்குப் புளித்த வாடையோ குமிழோ இருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

### மேலே வெள்ளை, பச்சைப் பூஞ்சை

"மேலே மட்டும் வழிச்சுட்டுச் சாப்பிடலாமா?" வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான். பாட்டிலோடு போகட்டும். மற்ற பாட்டில்களையும் அன்றே திறந்து பாருங்கள், காரணம் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும்:

- பாட்டில் ஈரம். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தீர்களா? துணியால் துடைத்ததெல்லாம் காயவைத்த கணக்கில் சேராது.
- மூடி. பழைய ஊறுகாய்ப் பாட்டில் மூடியின் உள்வளையத்தை நெம்பிப் பாருங்கள். எண்ணெயும் ஈரமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்துங்கள், மூடியைப் புதிதாக வாங்குங்கள்.
- ஆறிய ஜாமை அடைத்தது. கை வைக்க முடியாத சூட்டில், வாயிலிருந்து கால் அங்குலம் விட்டு நிரப்பி உடனே மூடுங்கள்.
- சர்க்கரையைக் குறைத்தது. உடம்புக்கு நல்லது என்று பாதி சர்க்கரையில் செய்தால் அது வெளியே வைக்கும் ஜாம் அல்ல. ஃபிரிட்ஜில் மூன்று வாரம். கடை ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று விதி. வெளியே வைத்தும் அது நிற்பது அதனால்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் தொடர்ந்து பூஞ்சை வந்தால், ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். சேலம்காரர்களுக்குச் சந்தியூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி. சர்க்கரை அளவு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு வைத்தால் போதும், எங்கே குறை என்று தெரிந்துவிடும்.

## ஸ்குவாஷ்

### மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்குகிறது

நொதித்துவிட்டது. குடிக்காதீர்கள், திரும்பக் காய்ச்சியும் காப்பாற்றாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் இருந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, துணி சுற்றித் திறங்கள்.

அடுத்த முறைக்கு: ஈரப் பாட்டிலா, புளிப்புக் குறைவா என்று முதலில் பாருங்கள். பிறகு கே.எம்.எஸ்., அதாவது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். இதைப் போடாமல் மாதக்கணக்கில் வெளியே வைக்க ஆசைப்பட்டால் நடக்காது. லிட்டருக்கு 0.6 கிராம். சமையலறைத் தராசில் அதை நிறுக்க முடியாது என்பதால் ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடுகிறார்கள், அதில்தான் கோளாறு. 6 கிராம் நிறுத்து, தண்ணீர் சேர்த்து மொத்தம் 100 மில்லி கரைசலாக்குங்கள். ஸ்குவாஷ் லிட்டருக்கு அந்தக் கரைசலில் 10 மில்லி. மிச்சக் கரைசலை வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் பொங்கினால் மூன்று சந்தேகம். கொதிக்கும் பாகில் கலந்தீர்களா? வாயு பறந்துவிடும், ஆறிய பிறகு கலக்க வேண்டும். பொடி பழசா? புதிய பொடியைத் திறந்தால் மூக்கில் சுள்ளென்று ஏறும், ஏறவில்லை என்றால் அது உபயோகமில்லை. சிட்ரிக் அமிலம் போட்டீர்களா? புளிப்பு இல்லாத இடத்தில் கே.எம்.எஸ். வேலை செய்யாது.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கே.எம்.எஸ். போட்டது வேண்டாம். கூழை உறைய வைத்து, வேண்டும்போது கரைத்துக் கொடுங்கள்.

### அடியில் கூழ், மேலே தெளிந்த நீர்

ஒன்றுமில்லை. குலுக்குங்கள்.

## மாம்பழத் தாண்டிரா

கூழை விரித்துக் காயவைக்கும் இந்தப் பண்டம் ஆந்திராவிலிருந்து எல்லை தாண்டி நமக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பனம்பழக் கூழைப் பாயில் காயவைத்துச் செய்யும் பனாட்டும் இதே வேலைதான். வெயில் இருக்கும் மே மாதத்துக்கு உரியது. ஜூலையில் கோவை, நீலகிரிப் பக்கம் மேகம் மூடிக்கொண்டிருக்கும்போது தொடங்காதீர்கள்.

### மேலே காய்ந்தும் உள்ளே பிசுபிசுப்பு

தடிமனாக ஊற்றியது. ஒரு தடவைக்கு மூன்று நாலு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அது காய்ந்தபின் அதன்மேல் அடுத்தது. ஏற்கெனவே ஊற்றியிருந்தால் நெய் தடவிய இன்னொரு தட்டில் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டுங்கள். கவிழ்க்கும்போது கிழிந்தால் கவலைப்படாமல் சுருட்டி உருண்டையாக்கிக் காயவையுங்கள்.

### காய்கிற கூழில் குமிழ், புளித்த மணம்

முதல் நாள் வெயில் போதவில்லை. கொட்டுங்கள். முதல் நாள் மாலைக்குள் தொட்டால் விரலில் ஒட்டாத மேல்தோல் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இரவு முழுதும் வெளியே விடாமல், மின் ஓவனில் 60 டிகிரியில் கதவை லேசாகத் திறந்து வைத்துக் காயவைத்து முடித்துவிடுங்கள்.

### எறும்பு, ஈ

கட்டில் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம், மேலே கொசுவலை. வலை கூழில் படாமல் நாலு மூலையிலும் டம்ளர் நிறுத்துங்கள்.

## பாட்டிலில் அடைத்த கூழ்: மூடி உப்பியிருக்கிறது

சர்க்கரை சேர்க்காத கூழைப் பாட்டிலில் அடைத்து, குக்கரில் நாலு விசில் விட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இதை நிறுத்துங்கள். நன்கு கனிந்த மாம்பழத்தின் பி.எச். 4.6-ஐத் தாண்டக்கூடும். அந்த அளவுக்குப் புளிப்புக் குறைந்த, காற்றில்லாத பாட்டிலில் பாட்டுலிசம் நஞ்சைச் சுரக்கும் கிருமி வளர முடியும். விசில் கணக்கு அதைக் கொல்லும் என்று சொல்ல வழியில்லை. அந்த நஞ்சுக்கு வாசனையும் இருக்காது, நிறமும் மாறாது.

உப்பிய மூடி, ஓரத்தில் கசிவு, திறந்ததும் சீறும் சத்தம், எது இருந்தாலும் நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காதீர்கள். திறக்காமலே இரண்டு பையில் கட்டி, மாடு நாய் எட்டாத இடத்தில் போடுங்கள். கசிந்த இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, பார்வை இரட்டையாகத் தெரிகிறது, இமை தொங்குகிறது, நாக்குக் குழறுகிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் அடைத்த கூழ் சாப்பிட்டது பற்றி டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உப்பாமல் நன்றாக நிற்கும் மற்ற பாட்டில்களையும் நம்ப வேண்டாம், அதே வட்டத்தில் அடைத்தது எல்லாம் போகட்டும். நிறையக் கூழை வெளியே வைத்துப் பாதுகாக்கவே வேண்டும் என்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்யுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகள் இருக்கின்றன, ஆனால் அவை டன் கணக்கில் எடுப்பவை, ஒரு பெட்டிக்கு வாசலைத் திறக்கமாட்டார்கள். ஒரு பெட்டிக்கு ஃபிரீசர்தான்.